கணக்குக் கேட்பதும் ஊழியமே

(தொண்டாமுத்தூரில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனை சாப்ளின் ஐயா அவர்கள் ஆற்றிய உரை)



கோவையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் இருக்கிறீர்கள். நரசீபுரம், ஆலாந்துறைப் பக்கமிருந்து தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். மலையடிவாரத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள், யானை இறங்குவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று செயலாளர் எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறார். ஆகவே சுருக்கமாகப் பேசுவேன். பிரசங்கியார் சொல்லும் சுருக்கம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும்.

வழக்கமாக இப்படிப்பட்ட கூட்டங்களில் நோயாளிகளைப் பற்றியும், டாக்டர்களைப் பற்றியும், நர்ஸ் சகோதரிகளைப் பற்றியும் உங்களிடம் சொல்லுவேன். இன்றைக்கு நீங்கள் அதிகம் காணாத சிலரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் வெள்ளைக் கோட்டு போடுவதில்லை. வார்டில் அவர்களைப் பார்க்க முடியாது. மாதச் சம்பளம் கிடையாது. சிலர் பஸ் செலவைக்கூட எழுதி வாங்குவதில்லை. ஆனால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேவனுக்கும் சட்டத்துக்கும் முன்பாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்களே. நமது அறங்காவலர்களைத்தான் சொல்லுகிறேன்.

அறங்காவலர் என்பது நல்ல தமிழ்ச் சொல். அறத்துக்குக் காவல் இருப்பவர் என்று பொருள். தோட்டத்துக்குக் காவல் இருப்பவனுக்குத் தோட்டம் சொந்தமில்லை, விளைச்சலும் சொந்தமில்லை. வேதாகமத்தில் இதற்கு உக்கிராணக்காரன் என்ற வார்த்தை இருக்கிறது. எஜமானுடைய பொருளை எஜமானுடைய சித்தப்படி பங்கிட்டுக் கொடுப்பவன் உக்கிராணக்காரன். இங்கே நொய்யல் கரையில் விவசாயம் செய்கிற உங்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். சித்திரைச்சாவடி அணையிலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு மடை திறந்து விடுகிற ஒருவர் வேண்டும். தண்ணீர் அவருடையதல்ல. ஆனால் அவர் தூங்கிவிட்டால் கடைமடைக்காரன் வயல் காய்ந்துபோகும். தர்ம ஆஸ்பத்திரியில் கடைமடையில் நிற்பவர் யார் என்றால், கையில் காசில்லாமல் கேட்டுக்கு வெளியே தயங்கி நிற்கிற கூலிக்காரர்தான்.

இரண்டாம் இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. அதை அதிகமாய்ப் பிரசங்கிப்பதில்லை. யோவாஸ் ராஜா தேவாலயத்தைப் பழுதுபார்க்கும்படி காணிக்கைப் பணத்தை ஆசாரியர் வசம் ஒப்புவித்தான். அவன் அரசாண்ட 23-ஆம் வருஷம் வரைக்கும் பழுது பழுதாகவே இருந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆசாரியர் திருடினார்கள் என்று அங்கே எழுதப்படவில்லை. வேலை நடக்கவில்லை என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. யாரும் கேட்கவில்லை, ஆகவே நடக்கவில்லை. அப்புறம் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதின் மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தண்டையில் வைத்தான். பெட்டி நிறைந்தபோது அதைத் திறந்து எண்ணியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரதான ஆசாரியர். மற்றவர் ராஜாவின் கணக்கர். கோயில் பக்கத்தில் ஒருவர், அரண்மனைப் பக்கத்தில் ஒருவர். இரண்டு பேர் கண்ணுக்கு முன்பாகப் பணம் எண்ணப்பட்டது. அதற்குப்பின் தச்சருக்கும் கல்தச்சருக்கும் கூலி போய்ச் சேர்ந்தது, ஆலயமும் பழுதுபார்க்கப்பட்டது.

இதில் யாரையும் அவமானப்படுத்தும் நோக்கம் இல்லை. பிரதான ஆசாரியரின் நற்பெயரையும் அந்த இரண்டாவது ஆள்தான் காப்பாற்றினார். அப்போஸ்தலனாகிய பவுலும் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியாக எடுத்துப் போகவில்லை. சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரனைத் தன்னோடு கூட்டிக்கொண்டான். யாரும் தன்மேல் குறை சொல்லக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்ததாக கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8-ஆம் அதிகாரத்தில் அவனே சொல்லுகிறான். பவுலுக்கே ஒரு சாட்சி வேண்டியிருந்தது என்றால் நாம் எம்மாத்திரம்?

நம்முடைய கொங்கு நாட்டுக்கு இந்தக் காரியம் புதிதல்ல. கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறவருக்குப் பக்கத்தில் பணத்தை எண்ணிப் பையில் போட இன்னொருவர் உட்காருவார். அதை யாரும் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

நமக்கு அருகில் உள்ள பீளமேட்டைப் பாருங்கள். பி.எஸ். கோவிந்தசாமி நாயுடு அவர்களுக்கு நான்கு குமாரர்கள். 1926-ல் குடும்பச் சொத்தைப் பங்கிட்டபோது அதை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. தர்மத்தை ஐந்தாவது சகோதரனாகவே அவர்கள் எண்ணினார்கள் எனலாம். அந்தப் பங்கிலிருந்துதான் பி.எஸ்.ஜி. அறநிலையம் உண்டாயிற்று. பள்ளிகளும் கல்லூரிகளும் வந்தன. 1985-ல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஐந்தாவது சகோதரனுக்கு வாய் கிடையாது. அவன் பங்கை யாராவது எடுத்துக்கொண்டால் அவன் சண்டைக்கு வரமாட்டான். அவனுக்காகப் பேசுவதற்குத்தான் அறங்காவலர் இருக்கிறார். அவர் மெளனமாயிருந்தால் ஐந்தாவது பங்கு மெதுவாக மற்ற நாலு பங்கோடும் கலந்துவிடும்.

சிங்காநல்லூரில் சாந்தி சோஷியல் சர்வீசஸ் 1996-ல் தொடங்கியது. குறைந்த விலையில் சாப்பாடு, மருந்து, டயாலிசிஸ் என்று அவர்கள் செய்வதை நீங்கள் அறிவீர்கள். அதை நிறுவிய திரு. பி. சுப்பிரமணியம் 2020 டிசம்பரில் காலமானார். மறு வருஷம் பத்மஸ்ரீ விருது அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. விருதைக் காட்டிலும் பெரிய சாட்சி ஒன்று உண்டு. அவர் போன பின்பும் அந்த வாசலில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு உண்மையான பரீட்சை ஸ்தாபகர் அடக்கம் பண்ணப்பட்ட மறுநாள் காலையில் ஆரம்பிக்கிறது. அன்றைக்கு வாசற்கதவு திறக்குமா என்பதைப் பல வருஷங்களுக்கு முன்பே அறங்காவலர்கள் தீர்மானித்திருக்க வேண்டும்.

மிஷன் ஆஸ்பத்திரிகள் இந்தப் பரீட்சையை எழுதியவைகள்தான். சுதந்திரத்துக்குப் பின் மிஷனெரிகள் ஒவ்வொருவராய்த் தாயகம் திரும்பினார்கள். வெளிநாட்டுப் பணமும் குறைந்தது. எந்த இடத்தில் உள்ளூர் ஆட்கள் பொறுப்பெடுக்கப் பழக்கப்பட்டிருந்தார்களோ அங்கே விளக்கு அணையவில்லை. வட இந்தியாவில் தனித்தனியே தத்தளித்த மிஷன் ஆஸ்பத்திரிகள் 1970-ஐ ஒட்டி இம்மானுவேல் ஆஸ்பத்திரி அசோசியேஷன் என்ற ஒரே நிர்வாகத்துக்குள் சேர்ந்தபடியால் இன்றைக்கும் ஊழியம் செய்து வருகின்றன. மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் இளம் குருவானவராக இருந்த நாட்களில் ஒரு ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். கட்டடம் உறுதியாக இருந்தது. எக்ஸ்ரே மெஷினுக்கு உறை போட்டிருந்தது. பெரிய மோசடி ஏதும் நடந்ததாக யாரும் சொல்லவில்லை. நிர்வாகக் குழு மூன்று வருஷமாகக் கூடவில்லை, அவ்வளவுதான். சம்பளம் தாமதித்தது, டாக்டர் போய்விட்டார், பின்பு நர்சுகள் போனார்கள். கடைசியாக எஞ்சியது வாட்ச்மேனும் சாவிக் கொத்தும். பிரசவ வலி எடுத்த பெண்கள் அதே வாசலைக் கடந்து 30 கிலோமீட்டர் போனார்கள்.

குழுவில் எல்லாரும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்றும் நினைக்காதிருங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆரம்பமாயிற்று. பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த காணிக்கை அதில் ஏராளம். 1930-களின் முடிவில் இனிப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல் டாக்டர்களைத் தயார் பண்ண முடியாது என்ற நிலைமை வந்தது. அதற்கு ஆட்களும் பணமும் வேண்டும்; எல்லா மிஷன்களும் சேர வேண்டும்; அப்படியானால் ஆண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்த ஆதரவாளர்களுக்குள்ளே இதைப்பற்றி மனம் நோகும் அளவுக்குக் கருத்து வேற்றுமை உண்டாயிற்று. பெண்களுக்கென்று கொடுத்ததை மாற்றலாமா என்ற கேள்வி அற்பமானதல்ல. ஆனாலும் பேசினார்கள், எழுதினார்கள், தீர்மானித்தார்கள். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். அந்தத் தீர்மானம் இல்லாவிட்டால் இன்றைய வேலூர் இல்லை. இன்றும் பல திருச்சபைகளின் பிரதிநிதிகள் ஒன்றாய் உட்கார்ந்துதான் அதை நிர்வகிக்கிறார்கள்.

அப்படியானால் ஒரு அறங்காவலர் என்ன செய்ய வேண்டும்? நான் குழு உறுப்பினன் அல்ல. கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கிவைப்பது என் வேலை. ஆகையால் ஒரு ஓரத்திலிருந்து பார்க்கிறவனாகச் சொல்லுகிறேன். கணக்குத் தாளை வீட்டிலேயே படித்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வருகிறவர் ஒருவர் இருந்தால் அந்தக் கூட்டம் ஆசீர்வாதமாய் இருக்கும். காபி வந்தபின் கவரைப் பிரிக்கிறவர்களால் மாத்திரம் நிறைந்த கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

நல்ல அறங்காவலர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. முதலாவது, இந்த வருஷம் ஏழைகளுக்குச் செய்த இலவசம் எவ்வளவு? பில்லில் தள்ளுபடி கொடுத்தது யாருக்கு, யார் சொல்லி? குழு உறுப்பினரின் உறவினருக்குத் தள்ளுபடி போய், முன்பின் அறியாத கூலிக்காரருக்குப் போகாமலிருந்தால் அது தர்மம் அல்ல.

இரண்டாவது, மருந்து வாங்குவதும் கட்டடம் கட்டுவதும் யாரிடத்தில்? மூன்று கொட்டேஷன் வாங்கினோமா? உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் கடை அதில் இருக்கிறதா? இருக்கலாம், நல்ல விலையும் கொடுக்கலாம். ஆனால் அந்த உறுப்பினர் அதை வாய்திறந்து சொல்லி, தீர்மானிக்கிற நேரத்தில் எழுந்து வெளியே போக வேண்டும். அவர் வெளியே போனதை மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும்.

மூன்றாவது, ஊழியர் சம்பளமும் பி.எஃப். பணமும் நேரத்துக்குப் போகிறதா? ஊழியம் என்ற பேரைச் சொல்லிக் கூலியைப் பிடித்துவைப்பதை யாக்கோபின் நிருபம் கடுமையாய்க் கண்டிக்கிறது.

நான்காவது, நிலம். கோவையைச் சுற்றி மனை விலை எங்கே போய் நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ரோட்டோரம் மிஷன் நிலம் இருந்தால் தரகர் வருவார். காலி இடம்தானே என்பார். அதற்கு முன் நிற்கிற வேலி அறங்காவலர்தான். நிலத்தைக் கொடுத்தவர் கல்லறையில் இருக்கிறார். அவர் எதற்காகக் கொடுத்தார் என்ற பத்திரம் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பத்திரத்தை ஒவ்வொரு உறுப்பினரும் ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்வி எல்லாவற்றிலும் கடினமானது. நாம் செய்கிற இந்த வேலை இன்னும் தேவைதானா? 2009 முதல் ஏழைகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடு வந்திருக்கிறது. 2021-ல் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்று தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே அனுப்பியது. தேவனுக்கு ஸ்தோத்திரம். அப்படியானால் அரசின் கை எட்டாத இடம் எது? பெரிய ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டு. கூட இருக்கிற மனைவியின் பத்து நாள் கூலிக்கு யார் கொடுப்பார்கள்? மாத்திரை வீட்டுக்கு வருகிறது. பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்ட வீட்டில், படுத்த படுக்கையான பெரியவரைத் திருப்பிப் படுக்கவைக்க யார் வருவார்கள்? வார்டிலும் வீடுகளிலும் நான் காண்கிற கண்ணீர் அதிகமும் இந்த இடத்தில்தான். இதைக் குழு கேட்க வேண்டும். போன வருஷத்துத் திட்டத்தையே இந்த வருஷமும் எழுதி வைத்தால் பணம் செலவாகும், துக்கம் குறையாது.

கேட்கக் கூடாதவைகளும் உண்டு. எந்த நோயாளிக்கு என்ன மருந்து என்பதில் குழு தலையிடக் கூடாது. அது டாக்டரின் காரியம். என் ஆளுக்கு முதலில் டோக்கன் கொடு என்று போன் பண்ணக் கூடாது. காவல்காரன் தோட்டத்துக் காயைப் பறித்துத் தின்ன ஆரம்பித்தால் பின்பு யாருக்குக் காவல்?

வாளையாற்றைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்களும் நண்பர்களும் சேர்ந்து, குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். சில வருஷங்களில் அது ஊர் ஊராகப் பரவியது. முக்கியமாக மலப்புறம் பகுதியில் ஆசிரியர், கடைக்காரர், வீட்டுப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் கூடி, வாரம் இரண்டு மணி நேரமாவது கொடுப்போம் என்று பயிற்சி பெற்றார்கள். உள்ளூரிலேயே சிறு சிறு தொகையாகச் சேர்த்தார்கள். உள்ளூர்க் குழுவே கணக்குப் பார்த்தது. எந்த வீட்டுக்கு அரிசி வேண்டும், எந்த வீட்டுக்கு நர்ஸ் வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. அங்கே குழு உறுப்பினரும் நோயாளியும் ஒரே தெருக்காரர்கள். ஆகவே குழுவுக்குத் தெரியாத துன்பம் அந்தத் தெருவில் அதிகம் இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்திலும் இதுவே நடந்தது. அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்கு மொழி பேசின விதவைகள் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு உண்டாயிற்று. ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துப் பந்தியை அவர்கள் கையில் கொடுத்தார்கள். நம்முடைய குழுக்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள், நல்லது. ஆடிட்டர் இருக்கிறார், மிகவும் நல்லது. தோட்டக் கூலி வேலை செய்யும் ஒரு சகோதரி இருக்கிறாளா? மலைக் கிராமத்து இருளர் ஒருவர் இருக்கிறாரா? படுக்கையில் கிடக்கும் தாயைப் பத்து வருஷம் பார்த்த ஒரு மகள் இருக்கிறாளா? கூட்டத்தில் அவர்கள் கேட்கும் ஒரு கேள்வி, நாம் படிக்கிற பத்து அறிக்கைக்குச் சமம்.

கடைசியாக, கொடுக்கிறவர்களாகிய உங்களுக்கு ஒரு வார்த்தை. காணிக்கையைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லுவது பக்திபோலத் தோன்றும். ஆனால் பெட்டியில் துவாரமிட்டவன் எண்ணுவதற்கும் ஆள் வைத்தான். ரசீது கேளுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு இல்லை என்பதை அறிந்து, பெரிய தொகையைச் செக்காகவோ வங்கி மூலமாகவோ கொடுங்கள். தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். வரிவிலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனம் தன் வருமானத்தில் 85 சதவீதத்தையாவது தர்ம காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்பது பொதுவான விதி. வெளிநாட்டுச் சொந்தங்கள் மூலம் காணிக்கை அனுப்ப நினைப்பவர்களும் விசாரித்துச் செய்யுங்கள். அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் 1976-ல் வந்து, 2010-ல் புதிதாக எழுதப்பட்டு, 2020-ல் இன்னும் இறுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேறு ஸ்தாபனத்துக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் கூடாது. நம்பிக்கையோடு கையெழுத்துப் போடுகிற அறங்காவலர்தான் தவறு நடந்தால் பதில் சொல்லுகிறார் என்பதையும் நினைத்து அவருக்காக ஜெபியுங்கள்.

பொதுத் தர்மத்தில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, தர்மத்தைக் காப்பாற்றும்படி வழக்குத் தொடரலாம் என்று 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டமே இடங்கொடுக்கிறது. சகோதரருக்குள் வழக்கு வேண்டாம் என்று பவுல் சொன்னதை நான் மறக்கவில்லை. அது கடைசிப் படி. முதல் படியில் ஒரு போஸ்ட் கார்டு போதும். வருஷாந்தரக் கூட்டத்துக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்து, பணிவாக ஒரு கேள்வி கேட்டாலே பாதி நோய் வராமல் தடுக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். நமது அறங்காவலர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது, எனக்கும்தான். வாலிபர்கள் கோவையிலும் திருப்பூரிலும் கணக்கு எழுதுகிறார்கள், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கற்பிக்கிறார்கள். அவர்களை நன்கொடைக்கு மாத்திரம் கூப்பிடுகிறோம். உன் மூளையையும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையையும் கொடு என்று யாரும் கூப்பிடுவதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் வாலிப சகோதர சகோதரிகளில் இரண்டு பேராவது கூட்டம் முடிந்தவுடன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் வருஷம் வெறுமனே உட்கார்ந்து கவனியுங்கள். இரண்டாம் வருஷம் கேள்வி கேளுங்கள். பாராட்டு அதிகம் கிடைக்காது. சில சமயம் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் உங்கள் கேள்வியினால் ஒரு ஏழையின் பங்கு அவனிடத்தில் போய்ச் சேரும். அவன் உங்கள் பெயரை அறியமாட்டான். தேவன் அறிந்திருக்கிறார்.

நாம் ஜெபிப்போம். ஏழைகளின் தேவனே, உமது பொருளை எங்கள் கையில் ஒப்புவித்திருக்கிறீர். அதைக் காக்கிறவர்களுக்கு விழித்த கண்ணையும், கேட்கும் துணிவையும், தாழ்மையான நாவையும் தாரும். கொடுக்கிறவர்களின் கைகளை ஆசீர்வதியும். இன்றிரவு வலியோடு படுத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அருகில் இரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.